அல்லா புகச்சோவா: பாட்டை நாடகமாக்கிய பாடகி

அல்லா பரீசொவ்னா புகச்சோவா (பிறப்பு: 15 ஏப்ரல் 1949, மாஸ்கோ) சோவியத் ஒன்றியத்திலும் பின்னர் ரஷ்யாவிலும் அரை நூற்றாண்டுக் காலம் புகழுடன் விளங்கிய மெல்லிசைப் பாடகி. பாடல்களுக்கு இசையமைப்பவர், திரைப்பட நடிகை, மேடை நிகழ்ச்சி இயக்குநர் என்ற வகைகளிலும் அறியப்படுபவர். இசைக் கல்லூரியில் சேர்ந்திசை நடத்துநர் பயிற்சியும், மாஸ்கோ அரசு நாடகக் கலை நிறுவனத்தில் மேடை இயக்கப் பயிற்சியும் பெற்றவர்.

இவரைவிடச் செம்மையான குரல் வளம் கொண்டவர்கள் சோவியத் மேடையில் இருந்தனர். முறையான ஓபரா பயிற்சி பெற்றவர்களும் இருந்தனர். ஆயினும் மக்கள் மனத்தில் முதலிடம் இவருக்கே கிடைத்தது. ஒவ்வொரு பாட்டையும் ஒரு பாத்திரத்தின் பேச்சாகக் கருதி நடித்துப் பாடும் முறையை இவர் கையாண்டது இதற்கு முதன்மையான காரணம். அந்த முறை எங்கிருந்து வந்தது, அது இவரை எங்கெல்லாம் கொண்டு சென்றது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பிறப்பும் இளமையும்

இரண்டாம் உலகப் போர் முடிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த மாஸ்கோவில் புகச்சோவா பிறந்தார். தந்தை பரீஸ் போர்முனையில் பணியாற்றி, ஒரு கண்ணை இழந்தவர். தாய் சினயீதா போர்க்காலத்தில் படைவீரர்களுக்காகப் பாடிய கலைக்குழுவில் இருந்தவர். மகளின் இசை நாட்டத்தை முதலில் கண்டுகொண்டவர் தாயே. ஐந்து வயதில் பியானோ கற்கத் தொடங்கிய சிறுமி, இசைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார்.

1964இல் மாஸ்கோவின் இப்பலீத்தவ்-இவானவ் இசைக் கல்லூரியில் சேர்ந்திசை நடத்துநர் பிரிவில் சேர்ந்தார். சேர்ந்திசை நடத்துநர் பல குரல்களை ஒன்றிணைக்கக் கற்பவர். எந்த இடத்தில் குரல் எழ வேண்டும், எங்கே தணிய வேண்டும், எங்கே அமைதி நிலவ வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே திட்டமிடுவது அப்பயிற்சியின் அடிப்படை. பிற்காலத்தில் தம் மேடை நிகழ்ச்சிகளைத் தாமே வடிவமைத்த புகச்சோவாவுக்கு இந்தக் கல்வி பெரிதும் பயன்பட்டது.

மாணவியாக இருந்தபோதே, 1965இல், "ரோபோ" என்ற பாடலை வானொலியில் பாடினார். லெவோன் மெராபவ் இசையமைத்த அப்பாடல் காலை நிகழ்ச்சியில் ஒலிபரப்பாகிப் பலருக்கும் பிடித்துப்போனது. அப்போது அவருக்கு வயது 16.

சோவியத் மேடை இயங்கிய முறை

புகச்சோவாவின் வளர்ச்சியைப் புரிந்துகொள்ள, அன்றைய சோவியத் இசை உலகம் இயங்கிய முறையை அறிவது அவசியம். பாட்டு, நடனம், நகைச்சுவை, சிறு நாடகம் ஆகிய அனைத்தும் சேர்ந்த மேடைக் கலையை ரஷ்யர்கள் "எஸ்த்ராதா" என்பர். இந்தக் கலைஞர்கள் அனைவரும் அரசு ஊழியர்களே. மாஸ்கோவில் "மாஸ்கன்சேர்ட்" என்ற அரசு நிறுவனமும், பிற நகரங்களில் "பில்ஹார்மோனியா" என்ற அரசு இசை அமைப்புகளும் அவர்களுக்கு வேலை அளித்தன. ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு ஊதியம் என்று கலைஞரின் தரத்திற்கேற்ப அரசு விகிதம் வகுத்திருந்தது. இசைத்தட்டுகளை வெளியிட 1964இல் தொடங்கப்பட்ட "மெலோதியா" என்ற ஒரே அரசு நிறுவனம் இருந்தது.

ஒரு பாடல் மேடைக்கு வருமுன் கலை மன்றம் என்னும் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். பாடலின் சொற்கள் மட்டுமன்றி, பாடகரின் உடை, முடி அலங்காரம், அசைவு ஆகியவையும் கவனிக்கப்பட்டன. இசையமைப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக இல்லாதவரின் இசைக்கு இடம் கிடைப்பது கடினம். பாடகர் ஒலிவாங்கியின் முன் நிமிர்ந்து நின்று, அளவான கையசைவுகளுடன் பாடுவதே நல்ல முறை எனக் கருதப்பட்டது.

இந்த வழக்கத்திற்கு விலக்காகச் சிலர் இருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் கிளாவ்தியா ஷுல்ஷென்கோ. கார்க்கவ் நகரில் நாடகக் குழு ஒன்றில் கலை வாழ்வைத் தொடங்கிய அவர், கையில் ஒரு கைக்குட்டையை வைத்துக்கொண்டே ஒரு முழுக் கதையையும் பாட்டில் நடித்துக் காட்டும் திறன் பெற்றிருந்தார். புகச்சோவா தொடர்ந்த மரபு அவருடையது.

பெயர் அறியப்படாத ஆண்டுகள்

வானொலிப் பாடலால் கிடைத்த சிறு புகழ் நீடிக்கவில்லை. 1965 முதல் 1974 வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் புகச்சோவா பல குழுக்களுடன் ஊர் ஊராகச் சுற்றினார். வானொலிக் குழுவுடன் சைபீரியாவின் தியூமென் பகுதிக்குச் சென்று, எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலாளர்கள் முன் பாடினார். லீப்பெத்ஸ்க் நகரின் இசைக்குழு, ஒலேக் லுந்த்ஸ்திரேமின் ஜாஸ் இசைக்குழு எனப் பல இடங்களில் பணியாற்றினார்.

இக்காலத்தில் அவர் சிறிது காலம் சர்க்கஸ் பள்ளியில் பியானோ வாசிப்பவராக இருந்தார். அங்கே பயின்ற லிதுவேனியரான மிகோலாஸ் ஓர்பாக்கஸை 1969இல் மணந்தார். 1971இல் மகள் கிறிஸ்தினா பிறந்தார். அவரும் பின்னாளில் நடிகையாகவும் பாடகியாகவும் பெயர் பெற்றார். அந்தத் திருமணம் நீடிக்கவில்லை. ஆனால் கோமாளிகளையும் வித்தைக்காரர்களையும் அருகிருந்து பார்த்த அனுபவம் புகச்சோவாவிடம் தங்கியது.

1974இல் எஸ்த்ராதா கலைஞர்களுக்கான அனைத்து ஒன்றியப் போட்டியில் கலந்துகொண்டு மூன்றாம் பரிசு பெற்றார். அதே ஆண்டில் பாவெல் ஸ்லபோத்கின் தலைமையில் இயங்கிய "வெசோலியே ரெபியாதா" (மகிழ்ச்சியான இளைஞர்கள்) என்ற இசைக்குழுவில் சேர்ந்தார்.

1975: கோமாளியின் சிரிப்பு

பல்கேரியாவில் "தங்க ஆர்ஃபியஸ்" என்ற பெயரில் பன்னாட்டுப் பாடல் விழா நடைபெற்று வந்தது. அதில் பங்கேற்போர் பல்கேரிய இசையமைப்பாளர் ஒருவரின் பாடலைப் பாட வேண்டும் என்பது விதி. 1975இல் அங்குச் சென்ற புகச்சோவாவுக்கு எமீல் திமித்ரவ் இசையமைத்த "ஆர்லெக்கீனோ" என்ற பாடல் கிடைத்தது. பரீஸ் பார்க்கஸ் அதற்கு ரஷ்ய மொழியில் புதிய சொற்கள் எழுதினார். ஸ்லபோத்கின் இசையை மாற்றியமைத்தார்.

ஆர்லெக்கீனோ என்பது பழைய இத்தாலிய நாடகத்தில் வரும் கோமாளிப் பாத்திரம். கூட்டத்தைச் சிரிக்க வைப்பதே அவன் தொழில். அவனுக்கும் துயரம் உண்டு என்பதை யாரும் எண்ணுவதில்லை. இதுவே பாடலின் பொருள். புகச்சோவா இப்பாடலில் கோமாளியைப் பற்றிப் பாடவில்லை, தாமே கோமாளியாக மாறினார். கயிற்றால் ஆட்டப்படும் பொம்மையைப் போலக் கைகளை அசைத்தார். பாட்டின் நடுவே உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முதலில் வேடிக்கையாகவும், போகப் போக அழுகையின் விளிம்பில் நிற்பதாகவும் ஒலித்தது.

அவர் அவ்விழாவின் முதன்மைப் பரிசை வென்றார். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைக் கண்ட சோவியத் மக்கள் வியந்தனர். அழகாகத் தோன்ற வேண்டும் என்ற கவலையே இல்லாமல் ஒரு பெண் மேடையில் முகத்தைக் கோணிக்கொண்டு பாடியது அவர்களுக்குப் புதிது. அவர் அணியத் தொடங்கிய தொளதொளப்பான நீண்ட அங்கியும் இக்காலத்தில் அவரது அடையாளமாயிற்று. மேடையில் கைகளை விரித்தால் அந்த அங்கி இறக்கை போல விரியும். உடலமைப்பைக் காட்டுவதற்காக அன்றி, தூரத்தில் அமர்ந்திருப்பவர்க்கும் அசைவு தெரிவதற்காகத் தேர்ந்த உடை அது. ஆடை வடிவமைப்பாளர் வியாச்செஸ்லாவ் சாய்த்செவ் அவருக்காகப் பல மேடை உடைகளை உருவாக்கினார்.

நாடகக் கலை நிறுவனத்தில்

பரிசு பெற்றுப் புகழின் வாசலில் நின்ற புகச்சோவா, 1976இல் மீண்டும் மாணவியானார். மாஸ்கோவின் லுனாச்சார்ஸ்கி அரசு நாடகக் கலை நிறுவனத்தில் எஸ்த்ராதா இயக்குநர் பிரிவில் சேர்ந்தார். "கித்தீஸ்" என்று சுருக்கமாக வழங்கும் இந்நிறுவனம் 1878இல் தொடங்கப்பட்ட இசை, நாடகப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. ரஷ்யாவின் மிகப் பழமையான நாடகக் கல்வி நிலையங்களுள் ஒன்று.

ரஷ்ய நாடகக் கல்வியின் அடித்தளம் கன்ஸ்தந்தீன் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி வகுத்த நடிப்பு முறை. பாத்திரம் இருக்கும் சூழ்நிலையை நடிகர் முதலில் தெளிவாக அறிய வேண்டும், அச்சூழ்நிலையில் தான் இருந்தால் என்ன செய்வோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர் கற்பித்தார். இதைப் பாட்டுக்குப் பொருத்திப் பார்த்தால் சில கேள்விகள் எழும். பாடுபவள் யார்? யாரிடம் பாடுகிறாள்? பாட்டு தொடங்குமுன் அவளுக்கு என்ன நேர்ந்தது? பாட்டு முடியும்போது அவளிடம் என்ன மாறியிருக்கிறது? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தால் மூன்று நிமிடப் பாட்டு ஒரு சிறு நாடகம் ஆகிவிடும்.

இயக்குநர் பிரிவில் கற்பவர் நடிப்போடு வேறு சிலவற்றையும் அறிய வேண்டும். பல தனி நிகழ்ச்சிகளை ஒரு சரடில் கோத்து முழு நிகழ்ச்சியாக்குவது, ஒளியமைப்பு, மேடைக்கு வரும் முறை, விலகும் முறை, பார்வையாளரின் கவனம் தளரும் இடத்தில் வேகம் கூட்டுவது ஆகியவை அதில் அடங்கும்.

1981இல் புகச்சோவா இக்கல்வியை நிறைவு செய்தார். "பாடகியின் தனிமொழிகள்" என்ற மேடை நிகழ்ச்சியே அவரது பட்டப்படிப்பின் நிறைவுப் படைப்பு. தனிமொழி என்பது நாடகத்தில் ஒரு பாத்திரம் தனியே நின்று மனம் திறந்து பேசும் பகுதி. தம் பாடல்களைத் தனிமொழிகள் என்று அவர் பெயரிட்டதிலேயே அவரது நோக்கம் தெளிவாகிறது.

முகம் தெரியாத குரல்

இதே காலத்தில் புகச்சோவாவின் குரல் வேறொரு வழியிலும் வீடுகளுக்குள் நுழைந்தது. எல்தார் ரியசானவ் இயக்கிய "விதியின் விளையாட்டு" என்ற தொலைக்காட்சிப் படம் 1976 சனவரி 1 அன்று ஒளிபரப்பாயிற்று. அதில் நாயகியாகப் போலந்து நடிகை பார்பரா பிரில்ஸ்கா நடித்தார். நாயகியின் பேச்சுக்கு வலென்தீனா தலீசினாவும், பாட்டுக்குப் புகச்சோவாவும் குரல் கொடுத்தனர். மிக்காயெல் தாரிவெர்தியெவ் இசையமைத்த அப்பாடல்கள் மரீனா ஸ்வெத்தாயெவா, பெல்லா அக்மதூலினா போன்ற கவிஞர்களின் கவிதைகள்.

கோமாளிப் பாட்டில் உரக்கச் சிரித்த அதே பாடகி இங்கே கிதாரின் துணையுடன், அறைக்குள் ஒருவரிடம் பேசுவது போல மெல்லப் பாடினார். பின்னணி பாடுபவர் திரையில் தோன்றும் பெண்ணின் இயல்பை அறிந்து பாட வேண்டும். புகச்சோவா அதைச் செய்தார். ஆண்டுதோறும் புத்தாண்டுப் பொழுதில் இப்படம் ரஷ்யாவில் காட்டப்படுகிறது. அவரது மிகப் பரவலாகக் கேட்கப்பட்ட பாடல்களுள் இவை அடங்கும்.

பரீஸ் கர்பனோஸ் என்ற வேடம்

1978இல் போலந்தின் சோப்போத் விழாவில் "மன்னர்களால் எல்லாம் முடியும்" என்ற பாடலைப் பாடிப் புகச்சோவா முதன்மைப் பரிசு பெற்றார். எல்லா அதிகாரமும் உள்ள மன்னனால் தான் விரும்பியவளை மணக்க முடியவில்லை என்பது அந்த நகைச்சுவைப் பாடலின் கரு.

அக்காலத்தில் அலெக்சாந்தர் அர்லோவ் இயக்கத்தில் "பாடும் பெண்" என்ற படம் மாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் உருவானது. ஆன்னா ஸ்த்ரெல்த்சவா என்ற பாடகியின் வேடத்தில் புகச்சோவா நடித்தார். படத்திற்கு இசையமைத்தவர் புகழ்பெற்ற அலெக்சாந்தர் சத்செப்பின். தாம் இசையமைத்த பாடல்களும் படத்தில் இடம்பெற வேண்டும் எனப் புகச்சோவா விரும்பினார். ஆனால் அவர் இசையமைப்பாளர் சங்க உறுப்பினர் அல்லர். ஒரு பாடகியின் இசையை மன்றத்தினர் ஏற்பார்கள் என்ற நம்பிக்கையும் அவருக்கு இல்லை.

ஆகவே அவர் ஒரு பாத்திரத்தைப் படைத்தார். பரீஸ் கர்பனோஸ் என்ற இளம் இசையமைப்பாளர் உடல் முடங்கி வீட்டில் இருக்கிறார், அவரது பாடல்கள் இவை என்று சொல்லித் தம் பாடல்களை அளித்தார். படப்பிடிப்பு நிலையத்தின் ஒப்பனை அறையில் ஆண் வேடமிட்டு, மீசை ஒட்டிக்கொண்டு, அந்தக் கற்பனை இசையமைப்பாளரின் நிழற்படத்தையும் எடுத்துக்கொண்டார். பாடல்கள் ஏற்கப்பட்டன. பால்கார் இனக் கவிஞர் கைசின் குலியெவின் கவிதைக்கு இவ்வாறு அமைத்த இசையே படத்தின் தலைப்புப் பாடலாயிற்று. பின்னர் உண்மை தெரியவந்தபோது சத்செப்பின் மனம் வருந்தினார். இருவருக்குமிடையே பிணக்கு ஏற்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் குறும்பு என்று மட்டும் கொள்வது போதாது. சொந்தப் பெயரில் செல்ல முடியாத இடத்திற்கு வேடமிட்டுச் செல்ல நேர்ந்தது அன்றைய கலை உலகின் இறுக்கத்தைக் காட்டுகிறது. அந்த வேடத்தால் உழைப்புக்குரிய மதிப்பை இழந்த இன்னொரு கலைஞர் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

1979இல் திரையிடப்பட்ட இப்படத்தை 5 கோடிக்கும் மேற்பட்டோர் கண்டனர். "சோவியத் திரை" இதழின் வாசகர்கள் புகச்சோவாவை அவ்வாண்டின் சிறந்த நடிகையாகத் தேர்ந்தெடுத்தனர்.

கவிதைகளும் சர்க்கஸ் ஊஞ்சலும்

கலை மன்றங்களின் கண்காணிப்புக்கு இடையில் புகச்சோவா சில அரிய முயற்சிகளைச் செய்தார். ஸ்டாலின் காலத்தில் கைது செய்யப்பட்டு 1938இல் முகாமில் இறந்த கவிஞர் ஓசிப் மந்தெல்ஷ்தாமின் லெனின்கிராட் பற்றிய கவிதைக்கு இசையமைத்துப் பாடினார். கவிதையில் சில சொற்களை மாற்றிப் பாடியதைக் குறை கூறியவர்கள் உண்டு. எனினும் கவிஞரின் நூல்கள் எளிதில் கிடைக்காத அந்நாளில், கவிதை படிக்கும் பழக்கமில்லாதவர்களின் காதுக்கும் அந்தச் சொற்கள் எட்டின. ஷேக்ஸ்பியரின் சானெட் ஒன்றையும் மர்ஷாக்கின் ரஷ்ய மொழிபெயர்ப்பில் பாடியுள்ளார்.

எண்பதுகளில் லாத்விய இசையமைப்பாளர் ரைமண்ட்ஸ் பவுல்ஸுடன் இணைந்தார். "மேஸ்த்ரோ" என்ற பாடலில், அரங்கில் அமர்ந்து பியானோ கலைஞரை மறைவாகக் காதலிக்கும் ஒரு பெண்ணாகப் பாடினார். பவுல்ஸே மேடையில் பியானோ வாசித்தார். பாட்டில் வரும் கலைஞரே கண்முன் அமர்ந்து வாசித்ததால் பாட்டுக்கும் நடப்புக்கும் இடையிலான கோடு மறைந்தது.

"பத்து லட்சம் செந்நிற ரோஜாக்கள்" இந்த இணையின் உலகப் புகழ்பெற்ற பாடல். இதன் மெட்டு முதலில் ஒரு லாத்வியப் பாட்டுக்கு அமைந்தது. அந்தப் பாட்டு தாய்மை பற்றியது. ரஷ்யக் கவிஞர் அந்திரெய் வசினெசென்ஸ்கி அதே மெட்டுக்கு முற்றிலும் வேறான கதையை எழுதினார். ஒரு நடிகைக்காக வீட்டையும் ஓவியங்களையும் விற்று அவள் சன்னலுக்கு வெளியே மலர்களை நிரப்பிய ஏழை ஓவியனின் கதை அது. ஜார்ஜிய ஓவியர் நிக்கோ பிரோஸ்மானியைப் பற்றி வழங்கும் கதையே அதன் மூலம்.

1983 புத்தாண்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி மாஸ்கோ சர்க்கஸ் அரங்கில் நடந்தது. புகச்சோவா அங்கே கூடாரத்தின் உயரத்தில் தொங்கும் ஊஞ்சலில் அமர்ந்து இப்பாடலைப் பாடினார். பின்னர் ஜப்பானியப் பாடகி தொக்கிக்கோ கத்தோ தம் மொழியில் இதைப் பாட, ஜப்பானிலும் பெரும் புகழ் பெற்றது.

இக்காலத்தில் சோவியத் மக்களிடையே ஒரு நகைச்சுவைத் துணுக்கு உலவியது. எதிர்காலக் கலைக்களஞ்சியம் ஒன்றில் "பிரெஷ்னேவ்" என்ற சொல்லுக்கு, "அல்லா புகச்சோவா காலத்தில் வாழ்ந்த சிறு அரசியல்வாதி" என்று பொருள் எழுதியிருக்குமாம். லியனீத் பிரெஷ்னேவ் 18 ஆண்டுகள் நாட்டின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். மக்கள் தங்களுக்கு யார் நெருக்கம் என்று கருதினர் என்பதை இத்துணுக்கு உணர்த்தும்.

செர்னோபில்

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்ட மே 30 அன்று மாஸ்கோவின் ஒலிம்பீஸ்கி அரங்கில் "கணக்கு எண் 904" என்ற இசை நிகழ்ச்சி நடைபெற்றது. நன்கொடை செலுத்த வேண்டிய வங்கிக் கணக்கின் எண்ணே நிகழ்ச்சியின் பெயர். அதுவரை அதிகார வட்டாரம் ஐயத்துடன் பார்த்துவந்த ராக் இசைக் குழுக்களும் அதில் பங்கேற்றன. புகச்சோவாவின் பெயரும் ஆதரவும் அந்நிகழ்ச்சிக்குப் பெரும் துணையாயின.

அதே ஆண்டு செப்டம்பரில் அவர் விபத்துப் பகுதிக்கே சென்றார். மீட்புப் பணியாளர்கள் தங்கியிருந்த சிலியோனி மீஸ் குடியிருப்பில் அவர்கள் முன் பாடினார். கதிர்வீச்சு நிறைந்த இடத்தில் வேலை செய்து களைத்தவர்களுக்கு அந்த மாலை எவ்வளவு பொருளுடையதாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தியூமென் எண்ணெய் வயல்களில் தொழிலாளர் முன் பாடிய இளம்பெண், இருபது ஆண்டுகளுக்குப் பின் நாடறிந்த கலைஞராக மீண்டும் தொழிலாளர் முன் நின்றார்.

பாடல் அரங்கம்

மிகயீல் கர்பச்சோவின் சீர்திருத்தக் காலத்தில் அரசு சாராமல் கலை அமைப்புகளை நடத்த வழி பிறந்தது. 1988இல் புகச்சோவா "பாடல் அரங்கம்" என்ற தம் சொந்த அமைப்பைத் தொடங்கினார். ரஷ்ய மொழியில் அதன் பெயரிலுள்ள சொல் "தியாத்தர்", அதாவது நாடக அரங்கம். கித்தீஸில் கற்ற இயக்குநர் தொழிலுக்கு இப்போதுதான் முழு இடம் கிடைத்தது.

அதே ஆண்டு டிசம்பரில் "கிறிஸ்துமஸ் சந்திப்புகள்" என்ற நிகழ்ச்சித் தொடரை ஒலிம்பீஸ்கி அரங்கில் தொடங்கினார். புகழ்பெற்றவர்களையும் புதியவர்களையும் ஒரே மேடையில் ஏற்றி, முழு நிகழ்ச்சியையும் அவரே வடிவமைத்தார். மதப் பண்டிகையின் பெயரில் பெரிய மேடை நிகழ்ச்சி நடப்பது அன்று புதுமை. ஸ்வெத்தாயெவாவின் கவிதைக்கு மார்க் மின்கோவ் அமைத்த இசையில், இறப்பை எண்ணும் ஒரு பெண்ணின் தனிமொழியை அவர் பாடியதும் 1988இல்தான். பல இளங்கலைஞர்களுக்கு இந்த மேடை வாழ்வு தந்தது. அதே வேளையில், யார் முன்னுக்கு வருவது என்பதை ஒரு சிறு வட்டமே முடிவு செய்கிறது என்ற குறையும் தொண்ணூறுகளில் எழுந்தது.

பட்டமும் பன்னாட்டுப் போட்டியும்

1991 டிசம்பரில் புகச்சோவாவுக்கு "சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர்" என்ற உயரிய பட்டம் வழங்கப்பட்டது. ஆணையில் கையெழுத்திட்டவர் கர்பச்சோவ். சில நாட்களில், டிசம்பர் 25 அன்று, அவர் பதவி விலகினார். சோவியத் ஒன்றியம் என்ற நாடே மறைந்தது. இப்பட்டத்தைக் கடைசியாகப் பெற்றவர்களுள் புகச்சோவாவும் ஒருவர். மக்கள் பதினாறு ஆண்டுகளாக அளித்துவந்த இடத்தை அரசு அளிக்க முன்வந்தபோது அந்த அரசுக்கே வாழ்நாள் முடிந்திருந்தது. ரஷ்யக் கூட்டாட்சியின் அரசுப் பரிசு 1995இல் கிடைத்தது.

1997இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் நடந்த யூரோவிஷன் பாடல் போட்டியில் ரஷ்யாவின் சார்பில் "பிரிமதோன்னா" என்ற தம் சொந்தப் பாடலைப் பாடினார். வயது முதிரும் ஒரு பாடகியின் மேடை வாழ்வே அதன் பொருள். 25 நாடுகள் பங்கேற்ற போட்டியில் 33 புள்ளிகளுடன் 15ஆம் இடமே கிடைத்தது. ரஷ்ய மொழி அறியாத, அவரது முன்கதையும் தெரியாத பார்வையாளர்களுக்கு அந்தத் தனிமொழி எட்டவில்லை. சொல்லை நம்பி நடிக்கும் கலைக்கு உள்ள எல்லை இதில் தெரிகிறது.

ஓய்வும் 2022ஆம் ஆண்டும்

2009இல் தம் அறுபதாம் வயதில் புகச்சோவா இசைப் பயணங்களிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். "காதல் கனவுகள்" என்ற பிரியாவிடைப் பயணம் 2010 வரை நடந்தது. 2011இல் நகைச்சுவைக் கலைஞரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான மக்சீம் கால்க்கினை மணந்தார். 2019 ஏப்ரலில், 70 வயது நிறைவையொட்டிக் கிரெம்ளின் அரண்மனை அரங்கில் மீண்டும் ஒரு முழுநீள இசை நிகழ்ச்சி நடத்தினார்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கியது. கால்க்கின் அதை வெளிப்படையாக எதிர்த்தார். செப்டம்பரில் ரஷ்ய நீதித்துறை அமைச்சகம் அவரை "வெளிநாட்டு முகவர்" பட்டியலில் சேர்த்தது. இரண்டு நாட்கள் கழித்து, செப்டம்பர் 18 அன்று, புகச்சோவா தம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு வேண்டுகோளை வெளியிட்டார். தம் கணவருடன் தாம் உடன்படுவதாகவும், தம்மையும் அப்பட்டியலில் சேர்க்குமாறும் அதில் கேட்டுக்கொண்டார். நாட்டின் இளைஞர்கள் பொய்யான குறிக்கோள்களுக்காக உயிர்விடுவது நிற்க வேண்டும் என்ற கருத்தையும் எழுதினார்.

அச்சமயம் போரைக் குறை கூறுவோர் மீது கடுமையான சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. அரசியல் கருத்துகளை நேரடியாகச் சொல்லாமல் பாத்திரங்கள் வழியாகவே பேசிவந்த ஒருவர், 73ஆம் வயதில் வேடமின்றித் தம் பெயரில் பேசினார். அதன் பின் அவர் குடும்பத்துடன் வெளிநாட்டில் வாழ்கிறார். போற்றியவர்களும் உண்டு, தாய்நாட்டுக்கு எதிரானவர் என்று தூற்றியவர்களும் உண்டு. அந்தச் செப்டம்பரின் தொடக்கத்தில் மாஸ்கோவில் கர்பச்சோவின் உடலுக்கு இறுதி மரியாதை செலுத்த வந்தவர்களிடையே அவரும் இருந்தார். 2023 மே மாதம் ஆடை வடிவமைப்பாளர் வலென்தீன் யுதாஷ்கினின் இறுதிச் சடங்கிற்கும் மாஸ்கோ வந்தார்.

மதிப்பீடு

புகச்சோவாவைப் பற்றிய மதிப்பீடுகள் ஒரே வகையாக இல்லை. அவரது மேடை நடத்தை மிகையானது, கூச்சல் நிறைந்தது என்று தொடக்கம் முதலே சொன்னவர்கள் உண்டு. பிற்காலப் பாடல்களில் முன்னைய ஆழம் இல்லை என்பாரும் உண்டு. ஆயினும் பின்வரும் மூன்று செய்திகளை மறுக்க இயலாது.

முதலாவது, மேடையில் பெண் பாடகியின் இடத்தை அவர் மாற்றினார். அழகாக நின்று பாடுபவராக மட்டுமன்றி, சிரிப்பவளாக, சினப்பவளாக, தோற்றவளாக, முதியவளாக அவர் தோன்றினார். சாதாரணப் பெண்கள் தங்கள் வாழ்வை அதில் கண்டனர்.

இரண்டாவது, பாடகி தம் பாடல், இசை, உடை, மேடை ஆகிய அனைத்தையும் தாமே முடிவு செய்யலாம் என்பதை எல்லாம் அரசின் கையில் இருந்த காலத்திலேயே செய்து காட்டினார்.

மூன்றாவது, வெற்றி பெற்ற பின்னும் கற்றார். பன்னாட்டுப் பரிசு பெற்ற அடுத்த ஆண்டில், ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தபோதே ஐந்து ஆண்டுகள் நாடகக் கல்வி பயின்று பட்டம் பெற்றார். இயல்பான திறமையால் கண்டறிந்த ஒன்றை முறையான கல்வியால் உறுதிப்படுத்திக்கொண்டார். 1975இல் ஒரு கோமாளிப் பாட்டில் தற்செயலாக வெளிப்பட்டது போலத் தோன்றிய ஆற்றல், அடுத்த பல பத்தாண்டுகள் நிலைத்ததற்கு அந்தக் கல்வியே துணை நின்றது.